நாற்பதுக்கு மேல் ஒரு புதிய பாடம்: உள்ளக வடிவமைப்பு கற்க விரும்புவோருக்கு



நமது அறக்கட்டளையின் கல்வி உதவி விண்ணப்பப் படிவத்தில் பல ஆண்டுகளாக ஒரு வரி இருந்து வந்தது: "விண்ணப்பதாரரின் வயது 25-ஐத் தாண்டியிருக்கக் கூடாது." அந்த வரியைச் சேர்த்தவர்கள் நாமே. நிதி குறைவு, கேட்டு வரும் பிள்ளைகள் அதிகம் என்பதால் வைத்த வரம்பு அது. அதில் குறை இருப்பதாக நமக்குத் தோன்றியதே இல்லை. சென்ற ஆண்டு ஒரு சகோதரர் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொண்டு வந்தார்.

வயது என்ற இடத்தில் 46 என்று எழுதியிருந்தார். படிப்பு என்ற இடத்தில் 'இன்டீரியர் டிசைன், ஓராண்டு டிப்ளமோ' என்றிருந்தது. வளைகுடாவில், கட்டடங்களின் உள்வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் 17 ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது ஊர் திரும்பியிருந்தார்.

கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் கனிவாகத்தான் கேட்டார்: "தம்பி, உங்க மகன் பன்னிரண்டாவது படிக்கிறான். அவனுக்குக் கேளுங்க, தர்றோம். இந்த வயசுல நீங்க படிச்சு என்ன செய்யப் போறீங்க?"

"காக்கா, சாமான் எல்லாம் எனக்குத் தெரியும். எதை எங்கே, என்ன அளவுல வைக்கணும்னுதான் தெரியாது. அதைப் படிக்கணும்" என்றார் அவர்.

நாம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. படிவத்தின் ஓரத்தில் 'வயது வரம்பு' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அந்த முடிவு சரிதானா என்ற கேள்வி பின்னர் எழுந்தபோது, இந்தப் படிப்பைப் பற்றியும், நடுவயதில் இதற்கு வந்தவர்களைப் பற்றியும் படித்தோம், விசாரித்தோம். அறிந்தவற்றை இங்கே தருகிறோம். ஊர் திரும்பிய சகோதரர்களுக்கும், பிள்ளைகளை வளர்த்து முடித்த சகோதரிகளுக்கும் இது பயன்படக்கூடும்.

அலங்காரம் வேறு, வடிவமைப்பு வேறு

உள்ளக வடிவமைப்பு என்றதும் திரைச்சீலை, சுவர் வர்ணம், ஃபால்ஸ் சீலிங் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை அலங்காரம். வடிவமைப்பு என்பது அதற்கு முந்தைய வேலை. ஓர் அறைக்குள் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், பொருள்களை எங்கே வைக்கிறார்கள், வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கணக்கிட்டு இடத்தை ஒழுங்கு செய்வது அது.

ஓர் உதாரணம் பார்ப்போம். குளியலறைக் கதவை இரண்டரை அடியில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக, உள்ளே நுழையக் கிடைக்கும் வழி அதிலும் குறைவு. சக்கர நாற்காலி தடையின்றிச் செல்வதற்கு 900 மில்லி மீட்டர், அதாவது சுமார் 3 அடி, தெளிவான வழி வேண்டும் என்கின்றன அணுகல் வசதி விதிமுறைகள். வீட்டைக் கட்டும்போது இந்த அரை அடிக்குப் பெரிய செலவில்லை. வீட்டுப் பெரியவர் படுத்த பிறகு சுவரை உடைப்பதற்குத்தான் செலவு. இதை முன்கூட்டியே யோசித்துச் சொல்வதுதான் வடிவமைப்பாளரின் வேலை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் பயன்படுத்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'இன்டீரியர் டிசைனர்' என்ற பெயருக்கு அத்தகைய கட்டாயப் பதிவு இல்லை. நடுவயதில் வருபவருக்கு இது வாசலைத் திறந்து விடுகிறது. ஆனால் அரைகுறையாகத் தெரிந்தவர்களும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். தூண், பீம், தாங்கு சுவர் ஆகியவற்றில் கை வைக்க வேண்டிய இடத்தில் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. இந்த எல்லையை அறிவதும் படிப்பின் ஒரு பகுதியே.

மாணவராகத் திரும்பிய வழக்கறிஞர்

நடுவயதில் தொழில் மாறியவர்களில் நம் பகுதிக்கு மிக நெருக்கமானவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. 1919-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை வழியில் முஸ்லிம் மரபும் ஐரோப்பிய மரபும் கலந்த குடும்பம். தந்தை வழக்கறிஞர். பாவா கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு லண்டனில் சட்டம் படித்து 1944-இல் பாரிஸ்டர் ஆனார். கொழும்பு திரும்பி வழக்கறிஞர் தொழிலில் சேர்ந்தார். மனம் ஒட்டவில்லை. 1946-இல் தாயார் மறைந்த பிறகு தொழிலை விட்டுவிட்டுச் சுமார் இரண்டு ஆண்டுகள் பல நாடுகளைச் சுற்றினார்.

1948-இல் திரும்பி வந்து, பெந்தோட்டைக்கு அருகில் லுனுகங்கா என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதை ஓர் அழகிய தோட்டமாகவும் வீடாகவும் மாற்றத் தொடங்கியபோது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. எண்ணம் இருக்கிறது, ரசனை இருக்கிறது, பணமும் இருக்கிறது. அந்த எண்ணத்தைக் கல்லிலும் மரத்திலும் கொண்டு வரும் தொழில்நுட்ப அறிவு இல்லை.

வசதி உள்ள ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்வார்? ஆட்களை வைத்து வேலை வாங்குவார். பாவா அப்படிச் செய்யவில்லை. 1951-இல் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கற்றுக் கொடுத்த ரீட் அடுத்த ஆண்டே இறந்து போனார். அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மீண்டும் லண்டன் சென்று, ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் கல்லூரியில் தம்மைவிட மிகவும் இளையவர்களோடு மாணவராக அமர்ந்தார். 1957-இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38.

அதன்பின் அவர் செய்தவை உலகம் அறிந்தவை. 1960-களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வா என்ற கலைஞருக்காகக் கொழும்பில் கட்டிய வீட்டில், நடுவில் முற்றத்தை வைத்து அதைச் சுற்றி அறைகளை அமைத்தார். பழைய வீடுகளில் இருந்து நாம் இடித்துத் தள்ளிய அதே முற்றம்தான். இலங்கையின் நாடாளுமன்றக் கட்டடம், தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம ஹோட்டல் ஆகியவையும் அவருடையவை. சென்னை கன்னிமரா ஹோட்டலின் விரிவாக்கத்திலும் அவர் கை உண்டு. கட்டடத்தோடு அவர் நிற்பதில்லை. உள்ளே தொங்கும் துணி, நாற்காலி, கதவுக் கைப்பிடி வரை கவனிப்பார்; உள்ளூர் நெசவாளர்களையும் கைவினைஞர்களையும் கூட வைத்துக் கொள்வார். 2001-இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2003-இல் காலமானார்.

அவருக்குச் சொத்து இருந்தது, நமக்கு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பணத்தைப் பொறுத்தவரை அவர் நமக்கு முன்மாதிரி அல்லர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக் கொண்டு, முப்பதுகளின் நடுவில் பாடப் புத்தகத்தை எடுத்தாரே, அதற்குச் சொத்து தேவையில்லை.

பதினொரு பிள்ளைகளின் தாய்

சொத்தில்லாமல் தள்ளப்பட்டவருக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் லில்லியன் கில்பிரெத் 1878-இல் பிறந்தவர்; 1915-இல் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து தொழிற்சாலைகளில் வேலையின் அசைவுகளை ஆராய்ந்து வந்தார். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் செய்யும் 18 அசைவுகளை நான்கரையாகக் குறைத்துக் காட்டியவர் ஃபிராங்க்.

1924-இல் கணவர் திடீரென்று இறந்தார். லில்லியனுக்கு வயது 46. வளர்க்க வேண்டிய பிள்ளைகள் பதினொரு பேர். ஒரு பெண் தொழிற்சாலை ஆலோசகராக இருப்பதை ஏற்காத சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. பெண் பேசினால் கேட்பார்கள் என்றிருந்த ஓர் இடம் சமையலறை. அந்தப் பக்கம் திரும்பினார். அடுப்பு, தொட்டி, வேலை மேடை, குளிர்ப்பெட்டி ஆகியவற்றை எப்படி வைத்தால் சமைப்பவரின் நடை குறையும் என்று கணக்கிட்டார். செங்கல்லுக்குப் போட்ட அதே கணக்குதான் இது. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி, குளிர்ப்பெட்டிக் கதவின் உள்தட்டுகள் போன்றவை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அப்போது அவர் வயது 57.

இந்த இருவரின் வாழ்விலிருந்தும் நாம் எடுத்துக் கொள்ளும் பாடம் ஒன்றே. தொழில் மாறும்போது பழைய தொழில் வீணாவதில்லை, அதுவே முதலாகிறது. ஆனால் அந்த முதல் மட்டும் போதாது. புதிய தொழிலின் அடிப்படையை மாணவராக இருந்துதான் கற்க வேண்டும்.

பழைய அனுபவம் எங்கே உதவும்?

நம்மிடம் வந்த ஸ்டோர் கீப்பர் சகோதரரையே எடுத்துக் கொள்வோம். பிளைவுட் தகடு 8 அடிக்கு 4 அடி. அலமாரியின் ஆழத்தை 2 அடியாக வைத்தால் ஒரு தகட்டின் அகலத்தில் இரண்டு துண்டுகள் வரும் என்பது மேலோட்டமான கணக்கு. அறுவையில் போகும் தேய்மானத்தையும் கழித்து, இரண்டு அடிக்கு ஒரு நூல் குறைத்து வைக்க வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. ஆழத்தை இரண்டேகால் அடியாக்கினால் ஒரு துண்டுதான் கிடைக்கும், மிச்சம் வீண். சாதாரணப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, தண்ணீர் புழங்கும் இடத்துக்கான மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்ற முத்திரை வேறுபாட்டைக் கல்லூரி மாணவர் தேர்வுக்காகப் படிப்பார். இவருக்கு அது 17 ஆண்டுப் பழக்கம்.

இப்படி ஒவ்வொரு தொழிலிலும் ஒன்று உண்டு. தையல் தெரிந்த சகோதரிக்குத் துணியின் விழுகையும் அளவும் தெரியும். செவிலியராக இருந்தவருக்கு நோயாளியின் அறையில் என்ன தேவை என்பது தெரியும். கணக்கராக இருந்தவருக்கு மதிப்பீடு போடத் தெரியும். பல ஆண்டுகள் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு, அண்டாவும் அரிசி மூட்டையும் வைக்க இடமில்லாத 'மாடர்ன் கிச்சன்' எதற்கும் உதவாது என்பது தெரியும்.

உதவாததும் உண்டு. "எனக்குத் தெரியாததா" என்ற எண்ணம் முதல் தடை. வரைபடத்தில் கை பழக வேண்டும். ஆசிரியர் உங்களைவிட இருபது வயது இளையவராக இருக்கலாம். கணினியில் பக்கத்து இருக்கைப் பையன் பத்து நிமிடத்தில் முடிப்பது உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். இதைத் தாங்கும் மனம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக் கொள்வது நல்லது.

படிப்பில் என்ன இருக்கும்?

முதல் பாடம் அளவெடுத்தல், அதை உரிய விகிதத்தில் தாளில் வரைதல். 1:50 என்றால் தாளில் 1 சென்டி மீட்டர், நிஜத்தில் 50 சென்டி மீட்டர். 12 அடி அறை தாளில் ஏழு சென்டி மீட்டரைச் சற்றுத் தாண்டும். மேலிருந்து பார்ப்பது பிளான், நேராகப் பார்ப்பது எலிவேஷன், வெட்டிப் பார்ப்பது செக்ஷன். இந்த மூன்றும் கைவசமானால்தான் ஆசாரியிடமும் எலக்ட்ரீஷியனிடமும் வாய்ச் சண்டை இல்லாமல் வேலை வாங்க முடியும்.

அடுத்தது மனித உடலின் அளவுகள். சமையல் மேடை பொதுவாக 85 முதல் 90 சென்டி மீட்டர் உயரத்தில் வைக்கப்படுகிறது. நின்று வேலை செய்யும் மேடை முழங்கைக்குச் சுமார் 10 முதல் 15 சென்டி மீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐந்தடிக்குக் குறைவான உயரமுள்ள தாய்மார்களுக்கு வழக்கமான மேடை தோள்வலியைத் தருவது இதனால்தான். இவற்றோடு பொருள்களின் தன்மை, ஒளியமைப்பு, மின்சாரம் மற்றும் குழாய் வேலைகளின் அடிப்படை, மதிப்பீடு, ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள்கள் ஆகியவையும் உண்டு.

படிப்புகள் பல தரத்தில் இருக்கின்றன: சில மாதச் சான்றிதழ் வகுப்பு, ஓராண்டு அல்லது ஈராண்டு டிப்ளமோ, நான்கைந்து ஆண்டுப் பட்டப்படிப்பு. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. முதுநிலைக்கான சீட் தேர்வுக்கு அப்படி வரம்பு இல்லை. ஏற்கனவே பட்டம் பெற்றவர் எந்த வயதிலும் எழுதலாம். ஆனால் அது வடிவமைப்புத் துறை முழுமைக்குமான தேர்வு. வீடு, கடை வேலைகளை எடுத்துச் செய்ய விரும்பும் நடுவயதினருக்குப் பெரும்பாலும் டிப்ளமோவே நடைமுறைக்கு ஏற்றது.

சேரும் முன் விசாரிக்க வேண்டியவை

1. சான்றிதழை வழங்குவது யார்? பல்கலைக்கழகமா, அரசுத் தொழில்நுட்பக் கல்வித் துறையா, அந்த நிறுவனமே அச்சிட்டுத் தருவதா?

2. கையால் வரையக் கற்றுத் தருகிறார்களா, நேராக மென்பொருளுக்குப் போய்விடுகிறார்களா? மென்பொருள் மாறும். அளவறிவு மாறாது.

3. நடந்து கொண்டிருக்கும் வேலையிடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறார்களா?

4. முன்பு படித்தவர்கள் இருவரின் தொடர்பு கிடைக்குமா? "நூறு சதவீத வேலை உறுதி" என்ற விளம்பரத்தைவிட அந்த இருவரின் பேச்சை நம்புங்கள்.

5. கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா? இடையில் நிறுத்த நேர்ந்தால் மீண்டும் சேர முடியுமா?

இவற்றுக்கு முன், செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஓர் அளவு நாடாவை எடுத்து உங்கள் வீட்டு அறை ஒவ்வொன்றையும் அளந்து, கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். கட்டில், அலமாரி, கதவு திறக்கும் பக்கம் எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு எதையும் வாங்காமல், இருக்கும் பொருள்களை மட்டும் இடம் மாற்றி வசதியைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டு வாரம் இதைச் செய்தும் சலிப்பு வரவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

வீட்டுக் கணக்கு

குடும்பத்தின் முழு வருமானத்தையும் நிறுத்திவிட்டுப் படிக்கப் போவதை நாம் ஊக்குவிக்க மாட்டோம். கட்டணம் மட்டும் செலவல்ல. படிக்கும் காலத்தில் வராமல் போகும் சம்பளமும் செலவுதான். படிப்பு முடிந்த உடனே வேலைகள் வரிசையில் நிற்பதும் இல்லை. தெரிந்தவர் வீட்டில் ஒரு சமையலறை, பிறகு ஒரு கடை என்று மெல்லத்தான் பெயர் வரும். எனவே படிப்புக் காலத்துக்கும், அதன்பின் குறைந்தது ஆறு மாதத்துக்கும் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதை எழுதிப் பார்த்து, மனைவியோ கணவரோ அதை ஒப்புக் கொண்ட பிறகே அடியெடுத்து வையுங்கள். மகளின் திருமணத்துக்கு வைத்த நகையை விற்க வேண்டாம். வட்டிக் கடன் வாங்கவே வேண்டாம். மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

நமது முடிவு

நாம் திருப்பி அனுப்பிய சகோதரர் சும்மா இருக்கவில்லை. சொந்தச் சேமிப்பில் டிப்ளமோவில் சேர்ந்தார். முதல் பருவம் முடிந்ததும் பணம் போதாமல் நிறுத்திவிட்டு, ஹார்டுவேர் கடை ஒன்றில் வேலைக்குப் போனார். இது நமக்குத் தெரியாது. சில மாதங்களுக்கு முன் நமது இலவச மருந்தகத்துக்குக் கதவுச் சாமான்கள் இறக்க வந்தபோதுதான் தெரிந்தது.

அந்த மருந்தகத்தின் வாசலில் மூன்று படிகள். நடக்க முடியாதவர்களை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டு வருவார்கள். பல ஆண்டுகளாக அப்படித்தான். அவர் நின்று பார்த்துவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டார். மூன்று படியும் சேர்த்து 18 அங்குல உயரம். சாய்தளத்துக்கு ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். ஆக 18 அடி. நேராக விட்டால் தெருவில் போய் முடியும். எனவே ஒன்பது அடியில் ஒரு சமதளம் வைத்துப் பக்கவாட்டில் திருப்பியிருந்தார். சுவரை ஒட்டிக் கைப்பிடியும் வரைந்திருந்தார். எல்லாம் நம் இடத்துக்குள்ளேயே அடங்கியது.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க தம்பி?" என்று கேட்டார் அன்று கமிட்டியில் பேசிய அதே பெரியவர்.

"முதல் பருவத்துல, காக்கா. எங்க உம்மா கடைசி ரெண்டு வருஷம் சக்கர நாற்காலியிலதான் இருந்தாங்க. பாத்ரூம் கதவுல நாற்காலி நுழையாது. தூக்கிட்டுத்தான் போவோம். அதனாலதான் இதைப் படிக்கணும்னு தோணுச்சு."

விண்ணப்பம் கொண்டு வந்த அன்று அவர் இதைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. படிவத்தில் வயதுக்கு இடம் இருந்தது, காரணத்துக்கு இடம் இல்லை.

சாய்தளம் கட்டி முடிந்துவிட்டது. சென்ற மாதக் கமிட்டியில் அந்த 25 வயது வரியை நீக்கியிருக்கிறோம். பிள்ளைகளுக்கான உதவித் தொகையிலும் ஜகாத் நிதியிலும் கை வைக்காமல், பொது நன்கொடையில் ஒரு பகுதியை நடுவயதினரின் தொழிற்கல்விக்கு அழகிய கடனாக ஒதுக்கியிருக்கிறோம். வட்டி இல்லை, வருமானம் வந்த பின் சிறு தவணைகளில் திருப்பித் தர வேண்டும். விண்ணப்பத்தில் இப்போது இரண்டு புதிய கேள்விகள் இருக்கின்றன: "இதுவரை என்ன தொழில் செய்தீர்கள்? இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள்?" கூடவே, மேலே சொன்ன சோதனைப்படி உங்கள் வீட்டை அளந்து வரைந்த ஒரு தாளையும் இணைக்க வேண்டும். கட்டில் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அளவு சரியாக இருக்கட்டும்.

அந்தச் சகோதரர் வரும் பருவத்தில் வகுப்புக்குத் திரும்புகிறார், இன்ஷா அல்லாஹ். காலையில் கடை, மாலையில் கல்லூரி. அவர் மகனும் இவ்வாண்டு கல்லூரியில் சேர்கிறான். அந்த வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்றிருக்கிறோம்.

விண்ணப்பங்கள் அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் கிடைக்கும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்